அறுபத்தொன்றைக் கூட்டு

பெரியவர்களை எதிர்த்துப் பேசியதற்காக இந்த வயதில் வருத்தப்படுவது நம் வயதுக்காரர்களிடம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் பூப்படத்தோடு வருகிற செய்திகளில் பாதி அதுதான். அவர்கள் சொன்னது அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது, கையெடுத்துக் கும்பிடுவோம் என்று எழுதுகிறீர்கள். கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள், நான் வரவில்லை. நாற்பதைத் தொடுவதற்குள் எனக்கும் முடி நரைத்துவிட்டது. படி ஏறினால் முட்டி சத்தம் போடுகிறது. மாத்திரை டப்பாவில் காலை, மாலை என்று அறை பிரித்து வைத்திருக்கிறேன். வருத்தப்பட வேண்டிய எல்லாத் தகுதியும் வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஒரு மழைக்காலத்தில் பெரியப்பாவிடம் நான் பேசிய பேச்சில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சண்டை எதைப் பற்றி என்று கேட்டால் சிரிப்பீர்கள். செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவதைப் பற்றி. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் நாமெல்லாம் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்தோமே, அதே கணக்குதான்.

பிரெஞ்சு பென்ஷன்காரர்களுக்கு ஃபிராங்க் போய் யூரோ வந்த வருஷம் அது. சாயங்காலமானால் எங்கள் தெருவில் நாலு பேர் கேட்டருகே நின்றுகொண்டு பழசைப் புதுசாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடுவில் பெரியப்பா நிற்பார். எதையும் எதுவாகவும் மனசுக்குள்ளேயே மாற்றிச் சொல்கிற ஆள் என்று தெருவில் அவருக்குப் பெயர்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போய், எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று ஊரில் கேட்ட காலத்தில் அவருக்கு வயது வந்திருந்தது. பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த ஊர் ராணுவத்தில் போய்ச் சேர்ந்தார். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. அப்பா அப்போது அரை டிராயர் போட்ட பையன், அதனால் தாத்தாவோடு இந்தியராகவே நின்றுவிட்டார். பெரியப்பா ராணுவத்தில் லாரி ஓட்டி, ஓய்வு பெற்று, உழவர்கரையில் மனை வாங்கி வீடு கட்டினார். பெரியம்மா மகளோடு பிரான்ஸிலேயே தங்கிவிட்டார். அப்பாவுக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை. நாங்கள் பெரியப்பாவின் வீட்டில்தான் இருந்தோம். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை யாரும் எங்களிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. பெரியப்பா அங்கிருந்து கொண்டுவந்தது. திருகு மூடி போட்ட வெள்ளிநிறக் குழாய் உறை. திறந்தால் ஒதுகொலோன் வாசனை வரும், ஒவ்வொரு தடவையும் அதை அந்த சென்ட்டில் நனைத்த பஞ்சால்தான் துடைப்பார். தட்டையான கண்ணாடி, உள்ளே மயிரிழை மாதிரி பாதரசம், முப்பத்தைந்தில் தொடங்கி நாற்பத்திரண்டு வரைக்கும் எண்கள். முப்பத்தேழுக்கு மட்டும் சிவப்புக் கோடு. அந்த ஊரில் அதை உடம்பில் எங்கே செருகிப் பார்ப்பார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் அக்குள்தான்.

யாருக்காவது உடம்பு சுட்டால் பெரியப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். தெர்மாமீட்டரை மூன்று உதறு உதறி, அக்குளில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதுவரை வீட்டில் ஒருத்தரும் பேசக் கூடாது. பிறகு எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பி, முதலில் பிரெஞ்சில் சொல்வார். "த்ராந்த் யூயித்." நாங்கள் காத்திருப்போம். உதட்டை ஒரு தரம் அசைத்துவிட்டு, "தொண்ணூத்தொம்பது" என்பார்.

அதாவது முப்பத்தெட்டோடு அறுபத்தொன்றைக் கூட்டுவார்.

இந்தக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரே கண்டுபிடித்தது. அங்கிருந்து திரும்பி வந்த புதிதில் இங்கே எல்லோரும் நூறு, நூற்றிரண்டு என்று பேசுவதைக் கேட்டுக் குழம்பியிருக்கிறார். ஒரு நாள் தெருமுனை மருந்துக்கடையில் போய் உட்கார்ந்து, ஒரு அக்குளில் தன்னுடையதையும் மறு அக்குளில் கடைக்காரருடையதையும் வைத்துப் பார்த்திருக்கிறார். தன்னுடையது முப்பத்தேழு, கடைக்காரருடையது தொண்ணூற்றெட்டு. கழித்தால் அறுபத்தொன்று. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் காய்ச்சல் என்றால் அறுபத்தொன்றைக் கூட்டு.

வீட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. நூற்றிரண்டைத் தாண்டினால்தான் டாக்டர். அதற்குக் கீழே எல்லாம் கஷாயம், மிளகு ரசம், நெற்றியில் பற்று.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெரியப்பா கணக்கில் நூற்றிரண்டு வர வேண்டுமென்றால் அவருடைய தெர்மாமீட்டரில் நாற்பத்தொன்றைத் தொட வேண்டும். நாற்பத்தொன்று என்றால் உண்மையில் கிட்டத்தட்ட நூற்றாறு. நூற்றாறு வந்தால் டாக்டர் எதற்கு, பூசாரியே போதும். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்காக யாருமே டாக்டரிடம் போனதில்லை. "நம்ம வம்சத்துக்கே ரத்தம் கெட்டி" என்று பெரியப்பா தெருவில் பெருமையடிப்பார். கண் சிவந்து, வாய் கசந்து, எழுத்துகள் எல்லாம் பலகையில் மிதக்க நான் எத்தனையோ நாள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் சிலர் என் பக்கத்து பெஞ்சில் இருந்தீர்கள். "என்னாடி இப்படி சுடுது" என்று கையைத் தொட்டுக் கேட்பீர்கள். "நூறுதாண்டி" என்பேன். எனக்கே என் உடம்பைவிட அந்த எண்மேல்தான் நம்பிக்கை இருந்தது.

பிரெஞ்சு டிவியில் வானிலை சொல்வதையும் அவர் விடுவதில்லை. "பாரிஸ்ல இன்னிக்கு ரெண்டு டிகிரி. நம்ம கணக்குல அறுபத்து மூணு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வார். அவரும் "அடேங்கப்பா, என்னா குளுரு" என்பார். அறுபத்து மூன்று குளிரா வெயிலா என்று இருவருக்குமே தெரியாது.

இனி அம்மா. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். பெரியப்பா எதிரில் சுத்தமாகப் பேச மாட்டாள். அவளைப் பற்றி பெரியப்பா ஒரு பாராட்டு வைத்திருந்தார், "வயக்காட்டு உடம்பு, இரும்பு." கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாராட்டு கிடைக்கிற நாளிலெல்லாம் ஒரு மூட்டை வேலையும் கூடவே வரும்.

அந்த வருஷம் பெரியப்பாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், கணவன் குழந்தைகளோடு பிரான்ஸிலிருந்து கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவதாக இருந்தது. ஐப்பசி பிறந்ததுமே வீடு அமளிப்பட்டது. சுண்ணாம்படிக்க ஆள் வந்தார்கள். மெத்தைகள் மாடிக்குப் போவதும் மழைக்குக் கீழே வருவதுமாக இருந்தன. அம்மாவுக்கு மாவு இடிக்க, வடகம் போட, ஊறுகாய் போட, திரைச்சீலை துவைக்க என்று வேலைக்கு முடிவே இல்லை. மழையோ விடுவதாயில்லை. குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது, வடிகட்டிக் குடித்தோம்.

முதலில் அம்மா தலைவலி என்றாள். பிறகு சோறு வேண்டாம் என்றாள். சாயங்காலமானால் உடம்பு கொதித்தது. இட்லிக்கு அரைத்து முடித்த கிரைண்டர் கல்லைக் கழுவிவிட்டு, ஈரம் காயாத அந்தக் கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். நான் சமையலறைக்குள் போனால் சட்டென்று நிமிர்ந்துகொள்வாள்.

பெரியப்பா பார்த்தார். முப்பத்தெட்டரை. "தொண்ணூத்தொம்பதரை. அடுப்படிச் சூடுதான் இது. ரெண்டு மிளக மென்னுட்டு வேலையப் பாரும்மா."

"சரிங்க மாமா" என்றாள் அம்மா.

இரண்டு மூன்று நாள் கழித்து முப்பத்தொன்பது. "நூறு." அம்மா எழுந்துபோய் அதிரசத்துக்குப் பாகு வைத்தாள்.

அன்றைக்கு வகுப்பில் அறிவியல் டீச்சர் இந்தப் பாடத்தைத்தான் எடுத்தார். ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, முப்பத்திரண்டைக் கூட்டு. பலகையில் சூத்திரத்தை எழுதிவிட்டு, "யாராச்சும் ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார். என் வாயில் காலையில் கேட்ட எண் தயாராக இருந்தது. "முப்பத்தொம்பது டீச்சர்."

டீச்சர் எழுதினார். பெருக்கினார், வகுத்தார், கூட்டினார். நூற்றிரண்டு புள்ளி இரண்டு. "நல்ல காய்ச்சல்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கேட்கத் திரும்பிவிட்டார்.

நான் டீச்சர் தப்பாகப் போட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். என் நோட்டில் போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. முப்பத்தேழைப் போட்டேன், தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. அது மட்டும் பெரியப்பா கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. முப்பத்தெட்டுக்கு ஒன்றரை டிகிரி இடித்தது. முப்பத்தொன்பதுக்கு இரண்டுக்கு மேல். நாற்பதுக்கு மூன்று. மேலே போகப் போக இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. பெரியப்பா கருவி ஒரு படி ஏறினால் நம்மூர்க் கருவி ஏறக்குறைய இரண்டு படி ஏறுகிறது. அவரோ இரண்டும் ஒரே உயரப் படி என்று நினைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டிருக்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கு மட்டும் சரியாக வருகிற கணக்கு அது. காய்ச்சல் ஏற ஏறத்தான் அது பொய் சொல்லும்.

எனக்கு அந்த வயதில் வந்த கோபத்தை இப்போது அளந்து சொல்ல முடியாது. பள்ளி விட்டதும் மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தேன்.

பெரியப்பா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, நீங்க போடுற கணக்கு தப்பு. அம்மாவுக்கு நூறு இல்ல, நூத்திரண்டு."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "யார் சொன்னது?"

"டீச்சர் போட்டாங்க. நானும் போட்டுப் பாத்தேன். பெருக்கித்தான் கூட்டணும். வெறுமன கூட்டக் கூடாது."

"பாப்பா, நான் அந்த ஊர்ல இருந்தவன். உங்க டீச்சர் எந்த ஊர்ல இருந்தாங்க?"

"தண்ணி உங்க தெர்மாமீட்டர்ல நூறுல கொதிக்கும் பெரியப்பா. உங்க கணக்குல நூத்தி அறுபத்தொன்னு வருது. புஸ்தகத்துல எரநூத்திப் பன்னெண்டு போட்டிருக்குது."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உடம்பு என்னா தண்ணியா?" என்றார்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாத. உள்ள போ."

உள்ளே போனேன். அம்மா அதிரச மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் கழுத்தில் கையை வைத்தேன், சுட்டது. "போம்மா, போய் படிம்மா. பெரியவரு பாத்துட்டாரு. நூறுதான்" என்றாள்.

மறுநாள் நான் பள்ளிக்குப் போகவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்குப் போய், அங்கிருந்த அண்ணனிடம் தெர்மாமீட்டரை ஒரு மணி நேரம் தரச் சொல்லிக் கேட்டேன். அம்மாவுக்கு என்றதும் எடுத்துக் கொடுத்தார். "ஒடச்சிடாத" என்றார், அவ்வளவுதான்.

பெரியப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளூர் சாமான் என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு எனக்குப் பாடம் நடத்த முடிவு செய்தார். சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு அக்குளில் தன்னுடையது, இன்னொன்றில் கடைக்காரருடையது. இரண்டு கைகளையும் இறுக்கிக்கொண்டு, கூண்டில் நிற்கிற சாட்சி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அப்பா நின்று பார்த்தார். அம்மாவும் சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படி" என்று இரண்டையும் என்னிடம் நீட்டினார்.

"முப்பத்தேழு. தொண்ணூத்தெட்டு."

"கழி."

"அறுபத்தொன்னு."

"போதுமா?" என்றார். அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்களுக்குத்தான் காய்ச்சலே இல்லையே பெரியப்பா! உங்க உடம்புல வெச்சுப் பாத்து அம்மாவுக்கு எப்படிச் சொல்லுவீங்க? காய்ச்சல் அடிக்கிறவங்களுக்கு வெச்சுப் பாருங்க."

கத்தித்தான் சொன்னேன். தெருவுக்குக் கேட்டிருக்கும். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் நகரவில்லை. நகராததாலோ என்னவோ, ஓங்கின கை அப்படியே நின்றது. நான் இரண்டு தெர்மாமீட்டரையும் உதறினேன். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து, பெரியப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரில் இன்னொன்றைப் போட்டு உட்கார வைத்து, இரண்டு பக்கமும் செருகினேன். அம்மா பெரியப்பா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கூச்சத்தில் விளிம்பில்தான் உட்கார்ந்தாள்.

பெரியப்பாவுடையது நாற்பதைத் தொடக் கொஞ்சம் பாக்கி. கடைக்காரருடையது நூற்று மூன்றரையைத் தாண்டியிருந்தது.

"கழிச்சுப் பாருங்க" என்றேன்.

பெரியப்பா கழிக்கவில்லை. இரண்டையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு மூணு டிகிரி முன்ன பின்ன இருக்கும். இந்த ஊரு பாதரசம் சுத்தமில்ல" என்றார்.

இப்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த மனுஷர் அங்கே ஒரு ஆயுள் முழுக்க யாரோ சொன்ன பக்கம் லாரியைத் திருப்பியவர். இங்கே வந்த பிறகுதான் அவர் சொன்னது சட்டம் என்று ஆனது. அதை ஒரு சின்னப் பெண்ணிடம் விட்டுக்கொடுக்க அவரால் முடிந்திருக்காது. அப்பாவின் பயமும் புரிகிறது. அண்ணன் கணக்கு தப்பு என்று ஒப்புக்கொண்டால் அடுத்து அண்ணன் வீட்டில் எப்படி இருப்பது? எல்லாம் புரிகிறது. புரிந்துவிட்டால் கும்பிட்டுவிட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? அவர்களுடைய மரியாதை அன்றைக்கு என் அம்மாவின் உடம்பில் எரிந்துகொண்டிருந்தது.

நான் போய் ஆட்டோவைக் கூப்பிட்டு வந்தேன். அம்மா "வேணாம்மா, அதிரசம் பாதியில கெடக்குது" என்றாள். "கெடக்கட்டும்" என்றேன். ஒரு துண்டைத் தலையில் போட்டு ஆட்டோவில் ஏற்றினேன். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரி என்று டிரைவரிடம் சொன்னேன். வண்டி கிளம்பும்போது அப்பா மழையில் ஓடிவந்து டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவரும் வந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஈரச் சேலை, டெட்டால், ஆரஞ்சுத் தோல் எல்லாம் கலந்த வாசனை. எங்கள் முறை வந்தபோது ஒரு இளம் லேடி டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தன நாளா காய்ச்சல்?" என்று கேட்டார்.

அம்மா சிரிக்க முயன்றாள். "காய்ச்சல்னு பெருசா ஒண்ணுமில்லம்மா. நூறுதான்."

டாக்டர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். "நூறா? நூத்தி நாலு இருக்குது. யாரு பாத்தது நூறுன்னு?"

"வீட்ல... பெரியவரு பாத்தாரு."

அப்பா தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "அறுபத்தொன்னு கூட்டுவாங்க டாக்டர்." டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரமும் இல்லை. ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்து, அப்போதே படுக்கையும் ஒதுக்கினார். டைஃபாய்டு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கும் என்று மறுநாள் ரவுண்ட்ஸில் அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் வராந்தாவிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

பெரியப்பாவும் வந்து பார்த்தார். ஆப்பிள், ரொட்டி, ஒரு ஃபிளாஸ்க் பால். அம்மா எழுந்து உட்காரப் போனாள். "படும்மா, படு" என்றார். டிகிரியைப் பற்றி யாரும் பேசவில்லை. போகும்போது என் தலையில் கையை வைக்க வந்தார். நான் தலையை நகர்த்திக்கொண்டேன்.

அதற்காகவும் எனக்கு வருத்தமில்லை.

அம்மா தேறி வீட்டுக்கு வந்தாள். மெலிந்து, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, வளையல் முழங்கை வரை போய் வந்தது. பெரியப்பா தன் கணக்கைத் திருத்திக்கொண்டதாகத் தெருவில் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, மழைக்காலத்துல காத்துல ஈரம். அதனால அப்ப மட்டும் அறுபத்து நாலு கூட்டணும். மத்த நாளைக்கு அறுபத்தொன்னுதான்." பக்கத்து வீட்டுக்காரர் "அதானே" என்றார். தப்பு என்று சொல்வதற்குப் பதிலாக வானத்தின்மேல் பழியைப் போட்ட மனுஷரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பிரான்ஸிலிருந்து அக்கா குடும்பத்தோடு வந்து இறங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வந்திருந்த உறவுக்காரர்கள் பேச்சை எடுத்தார்கள். சரியோ தப்போ, வயசுப் பொண்ணு அப்படிக் கத்தக் கூடாது. பெரியப்பா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும். அப்பாகூட "போம்மா" என்றார். "எதுக்கு?" என்று கேட்டேன். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். திமிர் பிடித்தவள் என்ற பெயர் அன்றைக்கு வைத்தது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள். நானும் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வளவு பேசுகிறேனே, இந்தக் கதையில் ஜெயித்தது நான்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அக்கா குடும்பம் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, தை மாதம் முடிகிற சமயம். காலையில் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். மறுபடியும் உடம்பு சுட்டது. பெரியப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். உதறினார், வைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போனார்.

"த்ராந்த் யூயித். மழை விட்டுப் போச்சு. அதனால தொண்ணூத்தொம்பது."

நான் பென்சிலோடு தயாராக நின்றேன். "நூறு புள்ளி நாலு."

"தொண்ணூத்தொம்பது."

"ஒம்பதால பெருக்கிப் பாருங்க பெரியப்பா. முப்பத்தெட்ட ஒம்பதால பெருக்கினா..."

"ஒன்ன யாரு கேட்டது?"

"பின்ன உங்கள யாரு கேட்டது?"

"நூறு தாண்டலன்னா காய்ச்சலே இல்ல."

"நூறு தாண்டிடுச்சுன்னுதான் சொல்றேன்!"

அம்மா எழுந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். பெரியப்பா கையிலிருந்த தெர்மாமீட்டரை வாங்கி, அவர் துடைக்கிற மாதிரியே துடைத்து, உறைக்குள் போட்டு, மூடியைத் திருகி மேஜைமேல் வைத்தாள். என் கையிலிருந்த பென்சிலையும் வாங்கி அதன் பக்கத்தில் வைத்தாள். பெரியப்பா முகத்தை நேராகப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"எனக்கு முடியல மாமா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கும்தான் சொல்றேன். எனக்கு முடியலன்னு நான் சொல்றேன், அது ஒங்க ரெண்டு பேருக்கும் பத்தலயா? நான் போய்ப் படுக்கப் போறேன். எவ்வளவு டிகிரின்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு, ஒலைய வைங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

பெரியப்பா சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டார். "அரிசி எந்த டப்பால இருக்குது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.